வாலிபர்களும் கட்சிகளும்

(விருதுநகர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எந்தக் கட்சி மேடையைப் பார்த்தாலும், "வாலிபர்களே வாருங்கள், நாடு உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் மேடையிலுள்ள நாற்காலிகளில் ஒன்றிலாவது வாலிபன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்தால் காணோம். அவன் கீழே கம்பம் நட்டுக்கொண்டும் விளக்குக் கட்டிக்கொண்டும் நிற்கிறான். நாடு அவன் கையில் இருக்கிறதாம். நம் கண்ணுக்குத் தெரிவதோ பசை வாளிதான். இது ஏன் என்பதைப் பற்றியே இன்று நாம் சிறிது பேச எண்ணுகிறோம்.

பையன் அரசியலுக்குப் போனால் கெட்டுப்போவான் என்று சொல்லுகிறவர்களை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. கோவிலுக்கும் திருவிழாவுக்கும் போனால் கெடமாட்டான், பொதுக்காரியத்துக்குப் போனால் மாத்திரம் கெட்டுப்போவான் என்பது என்ன நியாயம்? அவன் கெடுவதும் உருப்படுவதும், சேர்த்துக்கொண்ட கட்சி அவனிடத்தில் எதைக் கேட்கிறது, அவனுக்கு எதைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்ததேயாகும்.

சேர்க்கிற வித்தையைப் பாருங்கள். கொள்கையைச் சொல்லி யாரும் சேர்ப்பதில்லை. டீக்கடைப் பெஞ்சில் நாலு கூட்டாளிகள் இருப்பார்கள். அதில் ஒருவன் கட்சிக்காரன். முதலில் கூட்டத்துக்கு வா என்பான். அப்புறம் ஒரு இராத்திரி சுவரொட்டி ஒட்டும் வேலை. அப்புறம் ஊர்வலத்தில் பிடிக்க ஒரு கொடி. அப்புறம் நோட்டீசின் அடியில் சிறிய எழுத்தில் பெயர். வீட்டில் "உதவாக்கரை" என்று வசவு வாங்கினவனை அங்கே "தம்பி" என்று தோளில் கை போட்டு அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுக்கவும் துணிந்துவிடுகிறான். கடைசியில் ஒரு விரோதியைக் காட்டுகிறார்கள். அடிதடி வருகிறது, போலீஸ் வழக்கு வருகிறது. அதன் பிறகு அவனே விலக நினைத்தாலும் முடியாது. ஏனெனில் வக்கீலும் ஜாமீனும் கட்சி கொடுத்தவை. ஜாதிச் சங்கக்காரனுக்கோ இவ்வளவு பாடுகூட வேண்டியதில்லை. பையன் பிறக்கும்போதே தன் மெம்பராகப் பிறந்தான் என்று கணக்கு எழுதிவிடுகிறான்!

இந்த ஊரிலிருந்தே ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 1903-ல் இங்கே பிறந்த தோழர் காமராஜர் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்திவிட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் உட்கார்ந்தவர். பத்திரிகை படிப்பதும், வரதராஜுலு நாயுடு போன்றவர்கள் பேசும் கூட்டங்களுக்கு ஓடுவதுமாக இருந்தார். அரசியல் பைத்தியம் தெளியட்டும் என்று வீட்டார் திருவனந்தபுரத்து மரக்கடைக்கு அனுப்பினார்கள்; தெளியவில்லை. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கிலும் சேர்க்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானார். அக்காலத்துக் காங்கிரசுக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். 1931-ல் இதே விருதுநகரில்தான் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு கூடிற்று. ஆனாலும் உள்ளதைச் சொல்ல நாம் பின்வாங்குவதில்லை. 1936-ல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரசுத் தலைவர், காமராஜர் காரியதரிசி. 1940-ல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி காரியதரிசி! குரு தன் சீடனுக்குக் கீழே வேலை பார்த்தார். கடைப்பையனாக வந்தவன் கடைசிவரை எடுபிடியாகவே இருக்கவேண்டும் என்று அன்று நினைத்திருந்தால், 1954-ல் முதல் மந்திரியாகிப் பள்ளிக்கூடங்களைப் பெருக்கிய ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பாரா?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் தலையெடுத்த மாணவர் தலைவர் சீனிவாசன், 1967-ல் இதே விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இதை நாடே பேசிற்று. ஆனால் சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27-ல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான மாணவர் இராசேந்திரன் எந்தச் சட்டசபைக்குப் போனார்? தீக்குளித்து மாண்ட கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் எந்தப் பதவியைக் கண்டார்கள்? வருஷத்துக்கு ஒரு நாள் மாலை விழுகிறது. அவர்களைப் பெற்ற வீட்டில் பிள்ளை இல்லை. அவர்கள் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வாலிபன் சாவதைப் புகழ்ந்து அதைக் கேட்டு இன்னொருவன் சாகும்படி பேசுகிற வாய்தான் குற்றமுடையது என்கிறோம். கொள்கைக்கு வேண்டியது உயிரோடிருந்து வாதாடும் ஆளேயொழியப் பிணம் அல்ல.

வெளிநாட்டிலும் இதுதான் கதை. ஜெர்மனியில் ஹிட்லர் 1936-ல் ஒரு சட்டம் செய்து, நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் தன் வாலிபர் படையைச் சேர்ந்தவர்கள் என்றான். உடுப்பு, பாட்டு, அணிவகுப்பு எல்லாம் கொடுத்தான். கேள்வி கேட்கும் உரிமை ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. முடிவில் 1945-ல் பெர்லின் தெருக்களில் மீசை முளைக்காத பையன்களைப் பீரங்கிக்கு முன் நிறுத்தினான்.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இது விளங்காமல் போகாது. எல்லாக் கட்சிக்கும் சுவரொட்டி அச்சாவது உங்கள் ஊரில். எந்தக் கட்சி ஜெயித்தாலும் வெடிக்கும் சரவெடி உங்கள் கையால் செய்தது. வெடித்த பிறகு அந்தக் காகிதத்தை யார் கும்பிடுகிறார்கள்? கூட்டித்தான் தள்ளுகிறார்கள். வாலிபனையும் இப்படியே நடத்துகிற கட்சியை அடையாளம் காண நாலு கேள்விகள் போதும்.

ஒன்று, தலைவர் மகனும் உன்னோடு சிறைக்கு வருகிறானா, அல்லது நேராக மேடைக்கே வருகிறானா? இரண்டு, உன்னை அழைத்த கட்சி, தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் உன் தங்கையையும் அழைத்ததா? மூன்று, 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்களே. அனுதாபத் தந்தியும் மாலையும் தவிர, கூலி என்ன, பாதுகாப்பு என்ன, 1923 முதல் சட்டத்தில் ஏறிவிட்ட நட்டஈட்டைக் கேட்டு வாங்குவது எப்படி என்று உனக்கு ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்ததா? நான்கு, "தலைவர் சொன்னது தப்பு" என்று நீ எழுந்து சொன்னால், பதில் சொல்லுகிறார்களா, அடிக்க வருகிறார்களா?

இந்த நாலு கேள்வியையும் மற்றக் கட்சிக்காரர்களிடம் மட்டும் கேளுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. நம்மிடமும் கேளுங்கள், நம் மேடையில் ஏறி நின்றே கேளுங்கள். கடவுளையும் வேதத்தையும் ஏன் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கட்சித் தலைவனை மாத்திரம் கேட்காதே என்றால், பழைய பூசாரி போய்ப் புதுப் பூசாரி வந்தான் என்பதைத் தவிர வேறு என்ன மாறுதல்?

ஆகவே, வாலிபத் தோழர்களே! கட்சியில் சேருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. உங்கள் கையைக் கேட்டால் கொடுங்கள், தொண்டையைக் கேட்டாலும் கொடுங்கள். புத்தியை மாத்திரம் யாரிடமும் அடகு வைக்காதீர்கள். பெற்றோர்களே! பையனைத் தடுக்காதீர்கள், இந்த நாலு கேள்வியையும் சொல்லி அனுப்புங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் வீட்டுக்குப் போய் யோசித்து, சரி என்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.