சமாதானப் பேச்சும் துப்பாக்கியும்



பிச்சாட்டூரிலிருந்து திருமலைக்குச் செல்லும் நீங்கள் அலிபிரியை அறிவீர்கள். 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பிரம்மோற்சவத்திற்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கச் சென்ற முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வண்டி அவ்விடத்திற் கண்ணிவெடிக்கு இலக்காயிற்று. அவர் காயத்துடன் உயிர் தப்பினார். வெடி வைத்தது மக்கள் யுத்தக் குழு. ஓராண்டும் இரு வாரமும் கழிந்தபோது, அவ்வியக்கத்தின் தலைவர்கள் ஐதராபாத்தில் அமைச்சர்களுக்கு எதிரே அமர்ந்திருந்தனர்!

2004-இல் ஆட்சி மாறியது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒரு சிலரின் பொறுமை என்பேன். தஞ்சையிற் பிறந்து ஆந்திரத்தில் ஆட்சிப் பணி புரிந்த எஸ். ஆர். சங்கரன் 1987-இல் நக்சலைட்டுகளாற் கடத்தப்பட்டார். அவர்கள்தம் தோழர்களை அரசு சிறையினின்று விடுவித்த பிறகே மீண்டார். வேறொருவராயின் பகை பாராட்டியிருப்பார். அவரோ, 1997 முதல் அக்கறையுள்ள குடிமக்கள் குழுவை நடத்தி, ‘மோதல்’ என்னும் பெயரால் நடக்கும் கொலைகளைப் போலீசாரும், ஒற்றர் என்று கூறிக் கிராமத்தாரைக் கொல்வதை இயக்கத்தாரும் கைவிட வேண்டுமென்று இரு திறத்தாரிடமும் வற்புறுத்தினார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் இது இயலுமா? 1975 டிசம்பர் முதல் நாள் பூமையா, கிஷ்டா கௌடு என்னும் இருவர் தூக்கிலிடப்பட்டனர். பத்திரிகைகளின் வாயோ கட்டுண்டிருந்தது. கொடுத்த வாக்கைக் காத்தவர் யார், மீறியவர் யார் என்று ஊரறியக் கூறுவாரில்லாத இடத்திற் சமாதானப் பேச்சு எங்ஙனம் முளைக்கும்?

2004 அக்டோபர் 15 முதல் 18 வரை உள்துறை அமைச்சர் ஜானா ரெட்டி முதலானோரும், ராமகிருஷ்ணா தலைமையில் வந்த மாவோயிஸ்டுகளும், ஜனசக்தியினரும் பேசினர். நிலப் பங்கீட்டைக் குறித்து நெடிது வாதித்தனர். ஆயின் முடிச்சு வேறிடத்தில் விழுந்தது. கிராமத்திற்குள் துப்பாக்கியுடன் நடமாடலாகாது என்றது அரசு; அதைக் கீழே வைத்தால் உயிருக்கு உறுதி யாது என்றது இயக்கம். இரண்டையும் வெறும் பிடிவாதமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அச்சில மாதங்களிற் சாவு பெரிதும் குறைந்திருந்தது.

இரண்டாஞ் சுற்று நடைபெறவேயில்லை. 2005 ஜனவரியில் மோதல்கள் மீண்டும் தலைதூக்க, மாவோயிஸ்டுகள் விலகினர். ஆகஸ்டு 15 அன்று சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். இரு நாள் கழித்து இயக்கத்தின்மேல் தடை மீண்டது.