வர்ணத்தின் அடியில் துரு

அம்பாசிடர் வண்டிகளைச் செய்த உத்தரபாரா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்திற்று. அருகிலுள்ள கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் சிலர் அவ்வண்டியை இன்னும் விடாது வைத்திருக்கிறோம். மழையும் ஈரக்காற்றும் மிகுந்த இவ்வூரில் அதற்குப் பெரும்பகை துருவே.

துரு வெளியிலிருந்தே தொடங்கும் என எண்ணியிருந்தோம். பல இடங்களில் நேர்மாறு. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்தால் நீர் உள்ளே தங்கித் தகட்டை அரிக்கும். வர்ணம் கொப்புளிக்கும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். மழைக்கு முன்னரே துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள், காசில்லாத வைத்தியம்!

மேலோட்டமான துருவை வீட்டிலேயே போக்கலாம். கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றே பிரைமர் பூசவேண்டும். மறுநாளைக்கென விட்டால் ஈரம் மீண்டும் பற்றும்.

ஓட்டை விழுந்தால் கதை வேறு. நமது வண்டியில் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு அரித்தபோது, ஒரு பட்டறையில் பட்டி அடைத்து மினுக்கித் தந்தனர். இரண்டாம் மழைக்காலத்தில் அங்கே ஜாக்கி வைத்துத் தூக்க, விளிம்பு நொறுங்கி வண்டி சரிந்தது. சக்கரத்தருகே குனிந்திருந்த மகன் மயிரிழையில் தப்பினான்.

அம்பாசிடருக்கு லாரியைப்போலத் தனிச் சட்டமில்லை. உடற்தகடே பாரம் தாங்குகிறது. அவ்விளிம்பில் கெட்டதை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பது தேர்ந்த வெல்டரின் வேலை. அவர் பிரைமர் அடிக்குமுன் நேரில் சென்று பாருங்கள்.