பிஜித் தீவும் ரக்பிப் பந்தும்



பிஜி என்றதும் நம்மில் பலருக்குப் பாரதியார் நினைவுக்கு வருவார். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களை எண்ணி அவர் உருகிப் பாடினார். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேறினர். 1903-க்குப் பிறகு போனவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். ரப்பர் மரத்தை நம்பி நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தார்கள்; கரும்பை நம்பி அவர்கள் பிஜிக்குப் போனார்கள். இன்று நான் பேசப் போவது அந்த நாட்டின் உயிர்மூச்சாக இருக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி. அதன் பெயர் ரக்பி.

ரக்பிப் பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்னால் நிற்பவருக்குக் கையால் எறியக் கூடாது. பக்கத்தில் அல்லது பின்னால் வருபவருக்கே கொடுக்கலாம். ஓடுகிறவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கலாம். சடுகுடு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் புள்ளி கிடைக்கும். அணிக்கு 15 பேர் ஆடும் பெரிய ஆட்டம் ஒன்று. 7 பேர் ஆடும் சிறிய ஆட்டம் ஒன்று. சிறிய ஆட்டம் பெரும்பாலும் 14 நிமிடந்தான். பைப்படியில் நம் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்!

இதை அங்கே கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் பிஜியின் பூர்வகுடி மக்கள் அதைத் தங்கள் ஊர்ச்சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1924-இல் பிஜி அணி தன் முதல் நாடளவிலான போட்டியை சமோவாத் தீவில் ஆடியது. ஆட்டம் காலை 7 மணிக்கே தொடங்கிற்று. ஏன் தெரியுமா? ஆடிவிட்டு உள்ளூர் ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போக வேண்டும்! திடலுக்குள் ஒரு மரமும் நின்றதாம். அதையும் சுற்றி ஓடி, பிஜி 6-0 என வென்றது. 1939-இல் நியூசிலாந்து சென்று ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பினார்கள். 1977-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியையே 25-21 என்று சுவா நகரில் வீழ்த்தினார்கள்.

சரி, இதில் நம்மவர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள் ரக்பி ஆடவில்லை, கால்பந்து ஆடினார்கள். 1938-இல் அவர்களுக்கென்று இந்தியர் கால்பந்துச் சங்கம் ஒன்று அமைந்தது. பூர்வகுடியினருக்கு ரக்பி, இந்தியருக்குக் கால்பந்து என்று திடலே இரண்டாகப் பிரிந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒருவர் கிராமத்திலும் மற்றவர் கரும்புக் காட்டிலுமாகத் தனித்தனியே வாழ வைக்கப்பட்டார்கள். விளையாட்டும் அந்த வழியே போயிற்று.

இதன் கசப்பை 1987-இல் பார்த்தோம். அவ்வாண்டு மே 14-ஆம் நாள், இந்தியர் பலர் அமைச்சர்களாக இருந்த அரசாங்கத்தை இராணுவம் கவிழ்த்தது. பத்தே நாளில் முதலாவது உலகக் கோப்பைப் போட்டியில் பிஜி அணி அர்ஜென்டினாவை 28-9 என்று தோற்கடித்தது. ஒரு வீட்டில் கொண்டாட்டம், அடுத்த வீட்டில் மூட்டை கட்டும் வேலை. பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இந்தியர் நாட்டைவிட்டே போனார்கள். விளையாட்டு வந்தால் இனப்பகை தானே தீர்ந்துவிடும் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சட்டமும் மனமும் முதலில் இடம் கொடுக்க வேண்டும். 2013-இல் வந்த அரசியல் சட்டம் குடிமக்கள் அனைவரையும் பிஜியர் என்றே அழைத்தது. அதற்கு முன் அந்தப் பெயர் பூர்வகுடியினரை மட்டுமே குறித்து வந்தது.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் என்னும் பெரும்புயல் அடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ரியோ நகரில், எழுவர் ரக்பி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இறுதி ஆட்டத்தில் பிஜி பிரிட்டனை 43-7 என்று வென்றது. அந்த நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கமே தங்கப் பதக்கம்! பதக்கம் வாங்கும்போது வீரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி மண்டியிட்டார்கள். அந்த அணியில் இருந்த ஜெரி துவாய் சுவாவுக்கு அருகே ஓர் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. பயிற்சியோ சிங்கட்டோக்கா மணல்மேடுகளில் ஏறி ஏறி ஓடிப் பெற்றது.

ஊரில் எல்லா இனத்தாரும் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். நாடு முழுவதும் பொது விடுமுறை விட்டார்கள். மறுஆண்டு, 7 டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டார்கள். அதில் அணித் தலைவர் பந்தோடு நிற்கிறார். அணியில் இந்தியப் பெயர் ஒன்றும் இல்லைதான். அந்த நாளில் தெருவில் நின்றவர்கள் அதைக் கணக்குப் பார்க்கவில்லை.

டோக்கியோவில் 2021-இல் மீண்டும் தங்கம். 2024-இல் பாரிஸ் இறுதி ஆட்டத்தில் பிரான்சிடம் 28-7 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். ஒலிம்பிக் திடலில் பிஜியின் ஆடவர் அணி தோற்றது அதுவே முதல் தடவை. அப்போது அணித் தலைவராக நின்றவர் அதே ஜெரி துவாய்.