பெட்டி இல்லாத கணினி



கணினியைச் சட்டைப்பையில் கொண்டு திரியும் ஆசை புதியதல்ல. 2012ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் டு கோ’ என்ற வசதியைத் தந்தது. விண்டோஸ் முழுவதையும் ஒரு யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, வேறொரு கணினியில் செருகி வேலை செய்யலாம். 2020இல் அதைக் கைவிட்டார்கள்.

2021இல் ‘விண்டோஸ் 365’ வந்தது. இதில் குச்சியும் இல்லை. உங்கள் கணினி எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும். அதன் திரை மட்டும் இணையத்தினூடாக உங்களிடம் வரும். கையிலுள்ள மடிக்கணினி களவு போனாலும், வேறொன்றில் நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிறுவனங்களுக்கென்று, மாதக் கட்டணத்தில் வந்த சேவை இது. ஆனால் எங்கள் படங்களும் பத்திரங்களும் கூகிளிலும் ஐகிளவுட்டிலும் ஏற்கெனவே குடியேறிவிட்டன.

நான் கணக்காளன். எனக்கு இது வாடகை வீடாகத்தான் தெரிகிறது. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார். வாடகை நின்றால் கதவு திறக்காது. இலவசக் கணக்குக்கும் நிபந்தனை உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த டிசம்பரில் அழிக்கவும் தொடங்கியது.

காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். அந்தப் பை தொலைந்து, அகதி விண்ணப்பத்தில் தங்கள் பெயரை நிரூபிக்கவே அல்லற்பட்டவர்களும் எங்களுக்குள் உண்டு. அன்று இப்படியொரு வசதி இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். ஆகவே பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

மூன்று காரியம் சொல்கிறேன். முதலாவது, முக்கிய பத்திரங்களின் பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வீட்டிலும், இன்னொன்றில் சகோதரர் வீட்டிலும் வையுங்கள். இரண்டாவது, கணக்கை யார் பொறுப்பேற்பது என்று இப்போதே பதியுங்கள். கூகிளில் அதற்கு ‘இன்அக்டிவ் அக்கவுண்ட் மனேஜர்’ உண்டு. அப்பிளில் ‘லெகசி கொன்டாக்ட்’ உண்டு. அதில் தரும் திறவுச் சங்கேதத்தையும் அவரிடம் கொடுத்துவையுங்கள். மூன்றாவது, ஸ்கான் செய்த பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது, மூலத்தை எறியாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டுமே கடவுச்சொல் தெரியும் என்றால், அவருக்குப் பின் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நிற்பார்கள். இந்த வார இறுதியிலேயே குடும்பமாக இருந்து பேசுங்கள்.