வீடு கேட்கும் முன் மனை



வீட்டு மானியம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். மனு எப்படி எழுதுவது? யாரிடம் கொடுப்பது? பணம் எப்போது வரும்? இப்படிப் பல கேள்விகள் கேட்டீர்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போகிறேன். கல்கத்தா என்று நாம் சொல்லிப் பழகிய அதே ஊர்தான்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? அரசு மானியம் தருவது வீட்டுக்கு. ஆனால் அதிகாரி முதலில் கேட்பது வீட்டைப் பற்றி அல்ல. "இந்த இடம் யாருடையது?" என்றுதான் கேட்கிறார். இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் கொல்கத்தாவின் ஏழைகள் பல தலைமுறைகளாகத் தவித்தார்கள். அவர்கள் கதை நமக்குத் தெரிய வேண்டும்.

குடிசைப் பகுதியை அங்கே பஸ்தி என்பார்கள். சணல் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடி ஏழைகள் வந்தார்கள். பீகாரிலிருந்து வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தார்கள். வங்காளத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். நிலம் ஜமீன்தாரிடம் இருந்தது. இடையில் ஒருவர் வந்தார். அவர் நிலத்தை வாடகைக்கு எடுத்தார். மூங்கிலும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பினார். மேலே ஓடு போட்டார். அறை அறையாகப் பிரித்துத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஓர் அறையில் ஒரு குடும்பம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ்.

பாருங்கள், மண் ஒருவருடையது. குடிசை இன்னொருவருடையது. குடியிருப்பவர் மூன்றாவது ஆள். நடுவில் இருப்பவருக்கு அங்கே 'டிகா' குடித்தனக்காரர் என்று பெயர். அறையில் இருப்பவருக்கு 'பாராட்டியா', அதாவது வாடகைக்காரர், என்று பெயர்.

கூரை ஒழுகுகிறது. யார் சரி செய்வது? வாடகைக்காரர் செய்ய மாட்டார். குடிசை அவருடையது அல்ல. குடிசைக்காரர் கல்வீடாகக் கட்ட மாட்டார். மண் அவருடையது அல்ல. ஜமீன்தாருக்கு வாடகை வந்தால் போதும். அரசு பணம் தர முன்வந்தாலும் அதை யார் கையில் கொடுப்பது?

1949-இல் ஒரு சட்டம் வந்தது. டிகா குடித்தனக்காரரை நினைத்தபடி விரட்ட முடியாது என்று அது சொன்னது. அது நல்லதுதான். ஆனால் மண் கைக்கு வரவில்லை.

பிறகு அரசு வேறு வழி பார்த்தது. எல்லாக் குடிசைகளையும் இடித்து மாடி வீடு கட்டக் கோடி கோடியாகப் பணம் வேண்டும். அவ்வளவு பணம் இல்லை. எனவே பஸ்தியை இடிக்காமல் இருந்த இடத்திலேயே சீர் செய்யத் தீர்மானித்தார்கள். 1971 முதல் கல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் அந்த வேலையில் இறங்கியது. குடிநீர்க் குழாய் வந்தது. சந்துகளுக்குத் தளம் போட்டார்கள். சாக்கடை கட்டினார்கள். தெருவிளக்கு எரிந்தது. மலத்தை மனிதர் கையால் அள்ளிய பழைய கக்கூசுகளை மாற்றினார்கள். காலரா பரவிய ஊருக்கு இது சின்ன உதவியா? பெரிய உதவி.

ஆனால் வீடு? வீடு அதே ஓட்டுக் குடிசைதான். சில இடங்களில் குழாயும் விளக்கும் வந்த பிறகு அறை வாடகை ஏறியது. ஏழைக்காகச் செலவழித்த பணத்தின் பலன் வேறொருவர் பைக்குப் போனது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

1981-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். டிகா நிலத்தை அரசே எடுத்துக்கொண்டது. ஜமீன்தார் போனார். குடிசைக்காரர் அரசுக்கு வாடகை கட்டத் தொடங்கினார். வாடகைக்காரர்? அவர் வாடகைக்காரராகவே இருந்தார். அவரை வெளியேற்றுவதற்குத் தடை கிடைத்தது. சொந்தம் கிடைக்கவில்லை. 2001-இல் அந்தச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். 2019-இல் திருத்தினார்கள். டிகா நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தரவும், அதில் மாடி வீடு கட்டவும் அந்தத் திருத்தம் வழி செய்தது. 1949-க்கும் 2019-க்கும் நடுவே 70 ஆண்டுகள். ஒரு மனிதனின் ஆயுள் அது.

அதே கொல்கத்தாவில் வேறொரு கதையும் உண்டு.

1947-இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தார்கள். முகாமில் இடம் போதவில்லை. நகரத்தின் தெற்கே ஜாதவ்பூர் பக்கம் வெற்று நிலங்கள் கிடந்தன. போர்க்காலத்தில் இராணுவம் விட்டுப்போன கொட்டகைகளும் இருந்தன. அங்கே புகுந்து காலனி போட்டார்கள். விஜய்கர் காலனி அப்படி வந்ததுதான். சொந்தக்காரர்கள் அடியாட்களை அனுப்பினார்கள். போலீசும் வந்தது. ஆள் வருவது தெரிந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டு ஊரே திரண்டுவிடும்.

சங்கு மட்டும் ஊதியிருந்தால் காலனி நின்றிருக்காது. ஒவ்வொரு காலனியிலும் ஒரு கமிட்டி அமைத்தார்கள். மனைகளை அளந்து பிரித்தார்கள். தெருவுக்கு இடம் விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் விட்டார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த மனை என்று எழுதி வைத்தார்கள். 1950-இல் பல காலனிகள் சேர்ந்து ஒரு பேரவை தொடங்கின. 1951-இல் அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள் எதிர்த்தார்கள். அகதிகளுக்கு மாற்று இடம் தராமல் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் மாறியது. 1951-க்கு முன் அமைந்த 149 காலனிகளை அரசு ஏற்றுக்கொண்டது. முதலில் 99 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. பின்னர், 1980-களின் கடைசியில், முழு உரிமைப் பத்திரம் வரத் தொடங்கியது.

பஸ்திக்காரருக்குக் கிடைக்காதது காலனிக்காரருக்கு எப்படிக் கிடைத்தது? அவர்களுக்கு ஓட்டு பலம் இருந்தது, உண்மைதான். இன்னொன்றும் இருந்தது. காலனிக்காரர்களில் பலர் படித்தவர்கள். குமாஸ்தா, வாத்தியார், வக்கீல் எல்லாம் அவர்களுக்குள் இருந்தார்கள். மனு எழுதத் தெரியும். சட்டம் படிக்கத் தெரியும். சணல் ஆலைத் தொழிலாளிக்குக் கைநாட்டுதான் தெரியும். அகதிகளிலும் ஏழைகள், தாழ்த்தப்பட்டவர்கள் முகாமிலேயே கிடந்தார்கள். அவர்களில் பலரைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு இப்போது எழுத்து வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையை உங்களிடம் சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் என்று ஓர் ஊர். பீடி சுற்றும் பெண்கள் அங்கே நிறைய. அவர்கள் தொழிற்சங்கத்தின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஊருக்கு வெளியே கும்பாரி கிராமத்தில் சங்கத்தின் பெயரில் நிலம் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அரசிடம் போய் நின்றார்கள். ஒரு வீட்டுக்கு 60,000 ரூபாய் செலவு. மத்திய அரசு 20,000, மாநில அரசு 20,000, பீடி சுற்றும் பெண் 20,000. இப்படி 10,000 வீடுகள் கட்டினார்கள். 2006-இல் அவை திறக்கப்பட்டன. அதே வழியில் பக்கத்திலேயே 30,000 வீடுகளுக்கு அடுத்த திட்டம் போட்டார்கள். அதில் 15,000 வீடுகளை 2024 ஜனவரியில் ஒப்படைத்தார்கள்.

சரி, இனி நம் மனுவுக்கு வருவோம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசு 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடிசையை எடுத்துவிட்டுக் கல்வீடு கட்ட 3,50,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கும் மனைப் பட்டா வேண்டும். பயனாளிகள் பட்டியல் கிராம சபைக்கு வரும். அன்றைக்குக் கூலி வேலை இருந்தாலும் சபைக்குப் போங்கள். பட்டியலை வாங்கி நீங்களே வாசியுங்கள்.

நகரத்துக்குப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-இல் வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையில் நீங்களே கட்டினால் மத்திய அரசின் பங்கு 1,50,000 ரூபாய். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் எங்கேயும் உங்கள் குடும்பத்துக்குக் கல்வீடு இருக்கக் கூடாது. வீடு பெண் பெயரில் இருக்கலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கலாம். பெண் பெயரில் எழுதச் சொல்லிக் கேளுங்கள் என்பது என் யோசனை. ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

பணம் மொத்தமாக வராது. வேலை ஏற ஏறத் தவணையாக வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வந்து படம் எடுப்பார்கள். முதல் தவணைக்கு முன்பே வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு. ஒப்புதல் ஆணை கைக்கு வரும்வரை கடைக்காலைத் தோண்டாதீர்கள்.

ஆதாரில் முத்துலட்சுமி, பாஸ்புத்தகத்தில் முத்துலெட்சுமி, குடும்ப அட்டையில் எம். லட்சுமி என்று இருக்கும். மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. மனு போடும் முன் பெயரை ஒன்றாக்குங்கள்.

நிலம் புறம்போக்கா? நீரோடை ஓரமா? கோயில் நிலமா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேளுங்கள். புறம்போக்கு என்றால் வீட்டு மனு இப்போது வேண்டாம். தெருவார் எல்லாரும் சேர்ந்து வட்டாட்சியரிடம் பட்டாவுக்கு மனு கொடுங்கள். வீட்டு எண், குடும்பத் தலைவி பெயர், எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறோம் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாவற்றின் நகலையும் சேர்த்துக் கட்டுங்கள்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். இடைத்தரகர் கையில் பணம் கொடுக்க வேண்டாம். பதில் வரவில்லையா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். என் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் 10 ரூபாயும் இல்லை.

அடுத்த வாரம் மாதிரி மனு ஒன்றை இங்கேயே எழுதிப் பார்ப்போம். அவரவர் பட்டா அல்லது வரி ரசீதின் நகலைக் கொண்டு வாருங்கள். மூலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.