வாயிலில் வந்து நிற்கும் நோயாளி
(பெருந்தொற்றுக் காலத்து அவசர சிகிச்சை குறித்த உரையின் எழுத்து வடிவம்)





கொரோனாப் பெருந்தொற்றைப் பற்றிச் சென்னையை முன்வைத்துப் பேசியவர் பலர். ஆயினும் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றையே நம்பி வாழும் ஊர்களில் அந்நோய் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களில் வாழும் சமணக் குடும்பங்களுக்குச் சென்னை நிலையைவிடப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலையே நெருக்கமானது. ஆதலால் இவ்வுரை அவ்விரு மாவட்டங்களை முன்னிறுத்துகிறது.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரிக் காடுகளும் உள்ளன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது. ஆனால் பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லை. எனவே அங்கு வரும் நோயாளி எவரும் சாலை வழியாகவே வரவேண்டும். விபத்தில் சிக்கியோர், பாம்பு தீண்டியோர், பூச்சிமருந்து அருந்தியோர், மாரடைப்புற்றோர் ஆகியோரே இத்தகைய ஊர்களின் அவசரப் பிரிவுக்கு நாள்தோறும் வருவோர். நிலை மிக முற்றியவர்கள் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பப்படுவர். தொற்று வந்தமையால் இவர்கள் வருவது நின்றுவிடவில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரல் இறுதிவரை அரியலூரில் நோயுற்றோர் மிகச் சிலரே. சென்னைக் கோயம்பேடு சந்தையில் சுமை தூக்கியும் கடைகளில் பணிபுரிந்தும் வாழ்ந்த தொழிலாளர்கள் அங்குத் தொற்று பரவவே தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. மறுநாள் மாநிலம் முழுவதும் 771 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் 188 பேர் அரியலூர் மாவட்டத்தினர். நகரங்களை எல்லாம் விஞ்சி, அன்று சென்னைக்கு அடுத்த நிலையில் நின்றது அச்சிறு மாவட்டம். அப்போது அங்கு அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியிலேயே.

அத்தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு இருமலோ காய்ச்சலோ இல்லை. அவர்களைத் தேடிக் கண்டறிந்து, தனியிடத்தில் தங்கவைத்துப் பரிசோதித்தமையாலேயே எண்ணிக்கை உயர்ந்தது. எண்ணைக் கண்டு அஞ்சியோர் அதன் பின்னிருந்த உழைப்பைக் காணவில்லை. பிழைப்பிழந்து ஊர் திரும்பியவனை நோயைச் சுமந்து வந்தவன் என்று ஏசிய வாய்கள் எங்கும் இருந்தன. அது குறித்துப் பின்னர்ச் சொல்லப்படும்.

நோயாளர் கூடத்தில் படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்பது தெரியும். அவசரப் பிரிவின் வாயிலில் வந்து நிற்பவருக்கு என்ன நோய் என்பது எவருக்கும் தெரியாது. இவ்வொரு வேறுபாட்டிலேயே அப்பிரிவின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியுள்ளது. பரிசோதனை முடிவு வருவதற்குப் பல மணி நேரம், சிலபோது ஒரு நாளும் ஆகும். மூச்சுத் திணறுபவர் அதுவரை காத்திருக்க இயலாது.

கட்டுவிரியன் தீண்டியவரை எண்ணிப் பார்க்கலாம். இரவில் தரையில் உறங்குபவரை அது தீண்டும். வலி மிகுதியாக இராது. கடித்த தடமும் பலபோது புலப்படாது. விடியற்காலையில் அவர் மூச்சு முட்டிய நிலையில் கொண்டுவரப்படுவார். பெருந்தொற்றுக் காலத்தில் மூச்சு முட்டுகிறது என்றவுடனே கொரோனா என்று முடிவுகட்டி ஒதுக்கினால் அவ்வுயிர் வீணே போகும். அவருடைய கண்ணிமைகள் தாழ்ந்திருப்பதை உற்று நோக்கிய மருத்துவரே உண்மையை அறிவார். அவ்வாறே பூச்சிமருந்து அருந்தியவருக்கும் மூச்சுத் திணறும். கண்மணி சுருங்கியிருத்தலும் வாயில் நீர் வடிதலும் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நோயின் பெயரே நாடெங்கும் ஒலிக்கும்போது மற்ற நோய்களை நினைவில் வைத்திருப்பது எளிதன்று.

வருவோருள் யாரை முதலில் கவனிப்பது? நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராயிருந்த தொமினிக் லாரே என்பார், வீரனின் பதவியை நோக்காது காயத்தின் கொடுமையை நோக்கியே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று வகுத்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பெருந்தொற்றுக்கு முன்பே விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ்ச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகைப் பகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. உயிருக்கு உடனடி ஆபத்துள்ளவர் சிவப்பு. சற்றுப் பொறுக்கத்தக்கவர் மஞ்சள். நடந்து வந்தவர் பெரும்பாலும் பச்சை. பெருந்தொற்று இதனோடு இன்னொரு வினாவைச் சேர்த்தது: இவரிடமிருந்து அருகிலுள்ளவருக்கு நோய் பரவுமா? ஆகவே வாயிலிலேயே இரு வழிகள் வேண்டப்பட்டன. இடமில்லாத மருத்துவமனைகளில் வெளியே பந்தலிட்டுக் காய்ச்சலும் இருமலும் உள்ளோரைப் பிரித்தனர். காற்றோட்டமுள்ள பந்தல், குளிரூட்டிய மூடிய அறையைவிடப் பாதுகாப்பானதாகவே இருந்தது.

சிறு செயல்களும் மாறின. ஆஸ்துமா நோயாளிக்கு மருந்தை ஆவியாக்கி அளிக்கும் கருவி நோய்த்துளிகளையும் அறையெங்கும் பரப்பக்கூடும். ஆதலால் உறிஞ்சுகுழலில் மருந்து அளிக்கப்பட்டது. மூச்சுக்குழாய் செலுத்துகையில் தேர்ந்தவர் ஒருவரும் துணைவர் ஓரிருவரும் மட்டுமே அறையில் இருந்தனர். எல்லாவற்றிலும் கடுமையானது நெஞ்சழுத்திச் செய்யும் உயிர்மீட்பு. இதயம் நின்ற ஒருவருக்கு ஒவ்வொரு நொடியும் அரிது; ஆனால் காப்புடை அணியாமல் நெருங்கினால் அதைச் செய்யும் செவிலியருக்கே ஆபத்து. உடையை அணிந்து முடிக்கும் அச்சில நிமிடங்கள், அங்குப் பணிபுரிந்தோர் நெஞ்சில் இன்றும் கனத்திருக்கக்கூடியவை. அவற்றை வெளியிலிருந்து எடைபோடுவது முறையன்று.

2021இல் வந்த இரண்டாம் அலை உயிர்வளியைப் பற்றியது. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. சென்னை அரசு பொது மருத்துவமனையின் வெளியே நோயாளிகளோடு 108 ஊர்திகள் வரிசையில் நின்றன. அந்நாளில் ஜைன அமைப்புகளின் முயற்சியால் உயிர்வளி வசதி செய்யப்பட்ட பேருந்துகள் அங்குக் கொண்டுவரப்பட்டு, படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகளைத் தாங்கியமை இச்சமூகத்தார் அறிந்ததே. ஊர்தி வாயிலில் நின்றுவிட்டால் அடுத்த நோயாளியை எடுத்துவர ஊர்தி இராது என்பதால் அவ்வுதவியின் பயன் இருமடங்காயிற்று.

அந்நோயின் வஞ்சகம் ஒன்று உண்டு. இரத்தத்தில் உயிர்வளி வெகுவாகக் குறைந்த பின்னும் சிலர் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தனர். விரலில் மாட்டும் சிறு கருவியே உண்மையைச் சொல்லிற்று. அளவு 94க்கு மேலிருந்தால் வீட்டில் கண்காணிப்பு. 90க்கும் 93க்கும் இடைப்பட்டால் மருத்துவமனை. 90க்குக் கீழ் இறங்கினால் கடுநிலை. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அக்கருவியைப் பிழைபடச் செய்யும் என்பதைப் பலர் அறியவில்லை.

இனி, ஏச்சைப் பற்றிச் சொல்வதாகக் கூறப்பட்டது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. அதற்குச் சான்றாகச் சொல்லப்படுபவன் உத்தாயண மன்னன். தேவன் ஒருவன் கொடுநோயுற்ற துறவியின் வடிவில் வந்து, உணவு ஏற்று, அதனை மன்னன் மீதே உமிழ்ந்தான். மன்னன் முகஞ்சுளிக்கவில்லை, ஒவ்வா உணவு அளித்துவிட்டோமே என்று தன்னையே நொந்து, தேவியோடு சேர்ந்து துறவியின் உடலைத் தூய்மை செய்தான். கோயம்பேட்டிலிருந்து வந்த தொழிலாளியையும், பணி முடித்து வீடு திரும்பிய செவிலியரையும் தெருவில் நுழையவிடாதவர்கள் இக்கதையைக் கேட்டிருந்தும் பொருளுணராதவர்கள். ஆயினும் ஒன்று தெளிவாதல் வேண்டும். முகக்கவசம் அணிதல் அருவருப்பன்று. தன்னிடமிருந்து பிறர்க்கும் நோய் செல்லாமல் காக்கும் அது கொல்லாமையின் ஒரு கூறேயாகும்.

நால்வகைத் தானத்துள் ஔஷத தானத்தைச் சமணர் மறந்ததில்லை. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே நீதிநூலுக்குச் சூட்டியவர்கள் சமணப் புலவர்கள். அபய தானமோ எளிதில் மறக்கப்படுவது. உள்ளே சென்ற தந்தையின் நிலை தெரியாமல் மரத்தடியில் இரவு முழுதும் நின்ற பிள்ளைக்கு, நாளில் இருமுறை தொலைபேசியில் செய்தி சொல்ல ஒருவர் இருந்தால் அதுவே அபயம். மருத்துவர்க்கு அதற்கு நேரமிராது. படித்த இளைஞர் இருவர் போதும். அறக்கட்டளைகள் இதனை ஏற்கலாம்.

குடும்பங்கள் செய்யத்தக்கதும் உண்டு. ஒரு தாளில் முதியவரின் பெயர், வயது, நீரிழிவு முதலிய நோய்கள், அன்றாடம் உண்ணும் மருந்துகளின் அளவு, ஒவ்வாத மருந்து, ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தல் வேண்டும். துணைக்கு ஒருவர் போதும். அறுவர் உடன்வந்தால் வாயில் அடைபடும். உயிர்வளி 93 ஆகியும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. ஊரிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும், இரவில் எந்த வழி திறந்திருக்கும் என்பதை நோய் வருமுன் ஒருமுறை சென்று பார்த்து வருவதும் நன்று.