மட்டாஞ்சேரிக் கிடங்கில் கற்ற பாடம்



உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம் போன்றோருக்கு ஒரு தொல்லை உண்டு. நாம் ஓரிடத்தில் இருக்கிறோம். நம்முடைய சாமான்கள் வேறோரிடத்தில் இருக்கின்றன. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் வீடு சிறுத்துக்கொண்டே போகிறது. பெட்டிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. பெற்றோர் மறைந்து ஊரிலுள்ள வீடு கைமாறிவிட்டாலோ, இரண்டு தலைமுறைச் சாமான்களும் நம் வாசலில் வந்து இறங்கிவிடுகின்றன.

இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக, வாடகைக்கு ஓர் அறை எடுத்துச் சாமான்களைப் பூட்டிவைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1960-களில் வேரூன்றிய இவ்வழக்கம், இன்று நம் நாட்டுப் பெருநகரங்களுக்கும் வந்துவிட்டது. அவ்வாறு பூட்டிவைத்த சாமான்களை எப்படிக் காப்பது, எப்படி அடுக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நூல்களைப் படித்துவிட்டு இதைச் சொல்ல வரவில்லை. நான் பிழை செய்தேன். அதனால் ஓர் இழப்பு நேர்ந்தது. அதைச் சொன்னால் பிறருக்கேனும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

நான் கொச்சியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் என் தாயார் காலமான பிறகு வீட்டை விற்கும்படி ஆயிற்று. தம்பி புனாவில் இருக்கிறான். ஆகவே வீட்டுச் சாமான்கள் ஒரு லாரியில் ஏறி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தன. அரசாங்கக் குடியிருப்பில் எனக்குக் கிடைத்தவை இரண்டே அறைகள். எனவே மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கிடங்கின் தரைத்தளத்தில் சிறிய அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன்.

மட்டாஞ்சேரியை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முசிறித் துறைமுகம் தூர்ந்து, கொச்சித் துறைமுகம் பிறந்தது என்பர். அதன் பின் பல நூற்றாண்டுகளாக மலைநாட்டு மிளகும் சுக்கும் ஏலமும் இங்குள்ள கிடங்குகளில்தாம் தங்கிக் கப்பலேறின. கடைத்தெருவிலுள்ள கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும். பின்வாசல் காயலைப் பார்த்திருக்கும். வள்ளங்கள் பின்வாசலிலேயே வந்து நிற்கும். மலையாளத்தில் இவற்றைப் பாண்டிகசாலை என்பார்கள். நம்முடைய பண்டகசாலைதான் அது. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலார் கடல்வாய் மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தி, 1928-இல் பெருங்கப்பல்களை உள்துறைமுகத்திற்கு வரச் செய்தார். அதன் பிறகு துறைமுக வேலை சிறிது சிறிதாக வெலிங்டன் தீவுக்கு நகர்ந்தது. இன்று பல கிடங்குகள் பழம்பொருட் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. 2012 முதல் நடைபெற்று வரும் கலைத் திருவிழாவின் போது சிலவற்றில் ஓவியங்களும் இடம்பெறுகின்றன. ஆயினும் சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகள் இன்னும் அங்கே உண்டு.

அத்தகைய ஊரில் சாமான் வைத்தால் பழுதில்லை என்று நம்பினேன். மே மாத இறுதியில், மழைக்கு அஞ்சி அவசர அவசரமாக எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் திணித்தேன். ஈரம் புகாதிருக்கப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினேன். சுவரோடு சுவராக, தரையோடு தரையாக அடுக்கினேன். பூட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜூன் மாதம் தில்லியில் பயிற்சிக்குச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தது அக்டோபரில்.

உள்ளே நுழைந்ததும் புழுங்கிய நெடி முகத்தில் அடித்தது. அடியிலிருந்த பெட்டிகள் கூழாகியிருந்தன. பிளாஸ்டிக் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அடிப்பெட்டி ஒன்றில்தான் என் தாயாரின் கணக்கு நோட்டுகள் இருந்தன.

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா நாள்தோறும் பால் கணக்கு, வண்ணான் கணக்கு எழுதுவாள். அவற்றின் நடுவே, அப்பா நோயுற்றுக் கிடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் பள்ளிச் சம்பளத்திற்கும் மருந்திற்கும் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவைத்திருந்தாள். “பதினொரு வீட்டுக் காசில் நீங்கள் படித்தீர்கள்” என்று அடிக்கடி கூறுவாள். நான் தில்லியில் இருந்தபோது தம்பி தொலைபேசியில், “அக்கா, அந்த நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அந்தப் பதினொரு வீட்டுக்கும் போய் வர வேண்டும்” என்றான். “பத்திரமாக இருக்கிறது” என்று சொன்னேன்.

ஒட்டிக் கிடந்த தாள்களைப் பதற்றத்தில் நகத்தால் பிரித்தேன். அதுவே இரண்டாவது பிழை. தாள்கள் கிழிந்தன. பிற்காலத்தில் அம்மா பந்துமுனைப் பேனாவால் எழுதியவை நீரைத் தாங்கி நின்றன. அந்த மையில் எண்ணெய்ப் பசை உண்டு. முற்காலத்தில் மைக்கூட்டுப் பேனாவால் எழுதிய ஏடுகளோ நீலக் கறையாகிவிட்டன. பதினொரு பெயர்களும் அந்த ஏடுகளில்தாம் இருந்தன.

வாசலில் அமர்ந்துவிட்டேன். பக்கத்துக் கிடங்கில் சுமை தூக்குவோருக்கு மூப்பனாக இருக்கும் முதியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். “மோளே, மிளகை இப்படி வைத்தால் முதலாளி எங்களை விரட்டிவிடுவார்” என்றார். பிறகு தம் கிடங்கிற்கு அழைத்துச் சென்று காட்டினார். அன்று அவரிடம் கற்றவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதலாவது, காய்ந்த பொருளே கிடங்கிற்குள் போக வேண்டும். முதல்தர மலபார் மிளகில் ஈரம் 100-க்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என்பது வணிகர் விதி. ஈரமிருந்தால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பூக்கும். நம் சாமான்களும் அப்படித்தான். கொச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றிலுள்ள ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் தலைகாட்டும். மழைக்காலத்திலோ அது 85-க்கும் மேலே ஏறிவிடுகிறது. அந்தக் காற்றையும் சேர்த்துப் பிளாஸ்டிக்கில் சுற்றினால், ஈரத்தை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே சிறை வைக்கிறோம். ஆகவே தை, மாசி மாதங்களில் வெயிலில் உலர்த்தி, சூடு ஆறிய பின்பே கட்டுங்கள். மேலே போர்த்தப் பருத்தித் துணியே நல்லது.

இரண்டாவது, தரையும் பகை, சுவரும் பகை. மிளகு மூட்டைகளின் கீழே கட்டைகளை இட்டு, அவற்றின் மேல் பலகை பரப்பியிருந்தார்கள். சுவருக்கும் மூட்டைக்கும் இடையே ஓர் ஆள் நடந்து போகலாம். சுவர் நீரை உறிஞ்சும். தரை நீரைக் கக்கும். 1957-இல் தொடங்கப்பெற்ற மத்தியப் பண்டகசாலைக் கழகத்தின் கிடங்குகளிலும் இதே முறைதான். கறையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும். காயலோர ஊர்களில் மற்றோர் அபாயமும் உண்டு. மழையே இல்லாத மார்கழி, தை மாதங்களிலும் ஓதம் மிகுந்து நீர் தெருவிற்குள் வந்துவிடும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே முடிந்தால் மேல்தளத்து அறையை எடுங்கள். ஆனால் ஓட்டுக்கூரையாயின் மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.

மூன்றாவது, கிடங்கு என்பது பூட்டிவிட்டு மறப்பதற்குரிய இடமன்று. வெயிலடிக்கும் நாளில் கதவைத் திறந்து காற்று விடுவார்கள். மழை நாளில் அடைத்துவைப்பார்கள். மாதம் ஒருமுறையாவது நாமும் அவ்வாறு செய்ய வேண்டும். வெளியூர் செல்வோர் நம்பகமான ஒருவரிடம் இப்பொறுப்பைச் சொல்லிப் போக வேண்டும்.

இனி, பொருள் வகைகளைப் பார்ப்போம். ஃபோர்ட் கொச்சியில் தோபிகானா என்னும் சலவைக்கூடம் ஒன்று உண்டு. அங்கே தொழில் செய்வோர் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் வந்ததாகக் கூறுவர். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியைச் செருகி, கவ்வியே இல்லாமல் உலர்த்துவார்கள். துணிகளை நெடுநாள் வைக்க என்ன வழி என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டேன். “கஞ்சி போடாதீர்கள் அம்மா” என்றார். அது உண்மை. கஞ்சிப் பசையை நாடி இராமபாணப் பூச்சி வரும். பட்டுப் புடவையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றிவைக்க வேண்டும். இல்லையேல் சரிகை மடிப்பிலேயே இற்றுவிடும். அந்துருண்டையைத் துணியின் மீது நேரே போடலாகாது. கைக்குழந்தை உள்ள வீட்டார் அதைத் தவிர்ப்பதே நலம்.

ஏடுகளுக்கும் நூல்களுக்கும் நம் முன்னோர் வசம்பையும் புல்தைலத்தையும் பயன்படுத்தினார்கள். அந்தத் தைலம் இந்தத் துறைமுகத்திலிருந்தே மிகுதியாக ஏற்றுமதியானதால், உலகச் சந்தையில் அதற்குக் ‘கொச்சித் தைலம்’ என்றே பெயர் வழங்கியது. ஓலைக்குத் தைலம் தடவலாம்; காகிதத்திற்குத் தடவலாகாது. காகிதத்தைத் தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு வைப்பது நல்லது. தப்பித் தவறி நனைந்துவிட்டால் என்னைப் போல் பிரிக்காதீர்கள். இடையிடையே மையொற்றுத் தாள் வைத்து, வெயிலில் காட்டாமல் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் அது முடியாதென்றால் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் வையுங்கள். பூசணம் வளராமல் நிற்கும். பிறகு அறிந்தவரைக் கேட்டு நிதானமாகப் பிரிக்கலாம்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கி, நன்றாகக் கழுவி, ஈரமின்றித் துடைத்துவையுங்கள். குளிர்ப்பெட்டியின் கதவைச் சற்றே திறந்துவையுங்கள். மின்கலம் உள்ள கருவிகளிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை அங்கே வைக்கவே கூடாது. நகையும் பத்திரமும் வைப்பதற்கும் அது இடமன்று.

அடுக்கும் முறையிலும் வணிகரிடம் கற்க வேண்டியது உண்டு. அவர்களுடைய கிடங்கில் ஒவ்வோர் அட்டிக்கும் ஒரு சீட்டு தொங்கும். எந்த நாளில் வந்தது, எத்தனை மூட்டை, எவ்வளவு எடுத்தது என்று அதில் இருக்கும். நாமும் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளே இருப்பதை ஒரு நோட்டில் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நோட்டு வீட்டில் இருக்க வேண்டும். கனமானவை அடியில், நொய்யவை மேலே. அடிக்கடி வேண்டுபவை வாசலருகே. நடுவே ஒரு நடைபாதை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழியல்லவா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. பொருளை எண்ணிப் பிறரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பது போல் அவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர். வெறும் அறையை எடுத்து நாமே பூட்டுப் போட்டுச் சாவியை வைத்துக்கொண்டால், பெரும்பாலும் பொறுப்பு நம் தலையில்தான். வாடகை தவறினால் என்ன செய்வார்கள், வெள்ளம் வந்தால் யார் பொறுப்பு என்பவற்றைப் படித்தறிந்த பின்பே கையெழுத்திடுங்கள். வீட்டுச் சாமான்களுக்கு எடுத்த காப்பீடு வெளியறையில் உள்ளவற்றுக்கும் செல்லுமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. அன்று அந்த அறையில் முக்காலி, அண்டா, உடைந்த தையல் இயந்திரம், ஊஞ்சற் பலகை எல்லாம் பழுதின்றி இருந்தன. அவற்றுக்கு மாதாமாதம் வாடகை கொடுத்தேன். இரண்டு விரற்கடை தடிமனுள்ள நோட்டுகளை மட்டும் வீட்டு அலமாரியில் வைக்கத் தோன்றவில்லை. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பக்கம் பக்கமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறவள், தாய் எழுதிய இரண்டு பக்கத்தைப் படி எடுத்துக்கொள்ளவில்லை. எதைக் கிடங்கில் வைப்பது என்று கேட்பதற்கு முன், எதைக் கைவிட்டுப் பிரியலாகாது என்று கேட்டிருக்க வேண்டும்.

தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அத்தைக்கு நினைவிருக்கும், போய்க் கேட்போம்” என்றான். அந்தப் பொங்கலுக்கு இருவரும் அம்பாசமுத்திரம் சென்று, அத்தையிடமும் தெருவிலுள்ள முதியோரிடமும் கேட்டு, ஏழு வீடுகளைக் கண்டறிந்தோம். ஏழு வீட்டிற்கும் சென்று வணங்கி வந்தோம். மற்ற நான்கு வீட்டார் யாரென்று இன்றும் தெரியவில்லை. தெருவில் எதிர்ப்படும் முதியவர் எவரைக் கண்டாலும், இவராக இருக்குமோ என்று எண்ணிக் கைகூப்புகிறேன்.

நேயர்களே, உங்கள் பெட்டிகளிலும் அத்தகைய ஏடு ஒன்று இருக்கலாம். மழை தொடங்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.